சுகிக்குப் பங்காளி ஹினோகி

அகிதா,
ஏப்ரல் 28

என் வீட்டுக்காரர் தொமேகிச்சி அவர்களுக்கு,

கினுயோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாம் சுகம், என் மூக்கைத் தவிர.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. தங்கியிருக்கிற வீட்டில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தார்கள், உன் கைப்பக்குவம் இதன் பக்கத்தில்கூட நிற்காது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அது நான் போட்டதுதான். பத்து நாளைக்கு முன்னால், நீங்கள் மரம் வெட்டப் போயிருக்கிற கிசோவுக்கு வந்து நானே கொடுத்துவிட்டுப் போனேன்.

திட்டாமல் மேலே படியுங்கள். பிப்ரவரியில் என்ன எழுதினீர்கள்? இங்கே சுகி மரமே இல்லை, மலை முழுக்க ஹினோகி மரம்தான், வீட்டுக்கார அம்மா மசுயே ஒரு தும்மல்கூட இல்லாமல் மத்தியானச் சோற்றை மலைக்கே கொண்டுவருகிறார் என்று. நம் ஊரில் நானும் கொண்டுவந்தவள்தானே. சுகிப் பூந்தூள் மூக்கைப் பிடித்த பிறகுதான் வசந்தத்தில் மலைப்பக்கமே வர முடியவில்லை. பதினைந்து வருஷம் ஆகிறது. சுகி இல்லாத மலை என்றால் எனக்கும் கால் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டில் வெந்நீர் ஊற்றுக்குப் போவதாகச் சொன்னேன். முகத்துக்குப் பவுடர் வேறு.

கிசோவில் ரயிலை விட்டு இறங்கியதும் கண் அரித்தது. மசுயே அம்மா வாசலில் பதினொரு தும்மல். வேகவைத்த நண்டு மாதிரி ஆகிவிட்டது முகம். அந்த முகத்தோடு உங்கள் பெண்டாட்டி என்று எப்படிச் சொல்வது? முள்ளங்கி விற்க வந்தவள் என்றேன்.

உட்காரவைத்து வெந்நீர்த் துண்டு கொடுத்தார். "சுகி ஆகாதவங்களா நீங்க? அப்ப இதுவும் ஆகாதும்மா. ரெண்டும் பங்காளிங்க. அவன்கிட்ட அடிவாங்கின மூக்கு, இவன் ஜாடையப் பாத்தாலே அலறும். என் செத்துப்போன வீட்டுக்காரரும் இப்படித்தான். சுகி ஓய்ஞ்சுதுன்னு நிமிருவாரு, ஹினோகி ஆரம்பிச்சுரும். டாக்டரே சொன்னாரு" என்றார். விதவை என்று நீங்கள் எழுதவே இல்லையே. என் வயசுதான் இருக்கும். கூந்தல் நன்றாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

கொடியில் உங்கள் கம்பளிக் காலுறை காய்ந்தது. குதிகால் ஓட்டையை நீல நூலால் தைத்திருந்தது. அது என் தையல் இல்லை. என்னுடையதைவிட நல்ல தையல்.

"எங்க அகிதாக்காரருக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, என் கண்ணெதிரிலேயே என் முள்ளங்கியை நறுக்கி உங்கள் சோற்றுப் பெட்டியில் வைத்தார். எங்க அகிதாக்காரராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மலையேறிப் போனார். நான் போட்ட முள்ளங்கி மேலே போயிற்று, நான் கீழே தும்மிக்கொண்டிருந்தேன். அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன்.

எந்த வருஷமும் நடவுக்கு வந்துவிடுவீர்கள். இந்த வருஷம் அறுவடை வரைக்கும் அங்கேயே வேலை இருக்கிறது, நடவுக்கு ஆள் வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்று நாலு விரல் வளர்ந்துவிட்டது. ஆள் கிடைக்காமல் இல்லை. ஆனால் வயலில் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே சிரிக்கிற ஆள் ஒருத்தர்தான். மே பத்துக்குள் வந்தால் ஏன், எதற்கு, அந்த நூல் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கேட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல் கேட்க மாட்டேன்.

கோடரி கையில் இருக்கும்போது கவனம் வேறெங்கும் போக வேண்டாம். மலைச்சாமி உங்களைக் காப்பாற்றட்டும்.

வழியைப் பார்த்திருக்கும்,
கினுயோ

பி.கு: இத்துடன் என் போட்டோ ஒன்று இருக்கிறது. உங்கள் படுக்கையை மடித்துவைக்கிறவர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுங்கள். இரவல் கிமோனோ உடுத்தி டவுன் ஸ்டுடியோவில் எடுத்தது. அசையாதீர்கள் என்று போட்டோக்காரர் சொன்ன நேரத்தில் தும்மல் வந்தது. அவர் ஒரு தடவைதான் எடுப்பாராம். கைத்துண்டுக்குப் பின்னால் இருப்பது நான்.