வடக்கை மேலே வைத்து வரைந்த தாள்

பிப்ரவரி 12, திங்கள்

கப்பலில் புதிய படத்தாள்கள் வந்திருக்கின்றன. ஒரு பாடம் முழுவதும் ஒரே தாளில், படமாக. இரண்டாம் வகுப்புப் புவியியலுக்கு ஒரு மலை, மலையிலிருந்து ஓர் ஆறு, ஆற்றங்கரையில் பசுமாடு. எங்கள் கிரிபாட்டி நாட்டில் எந்தத் தீவில் ஆறு ஓடுகிறது? எங்கள் தீவில் உயரமான இடம் என்றால் பன்றிகள் படுக்கிற மேடு.

தாளின் அடியில் பாரானிகோவின் பெயர். ஃபிஜியில், சூவா பல்கலைக்கழகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் குறிப்புகளை வைத்துத் தேறியவன். இன்று தலைநகரில் அவனுக்கு மின்விசிறியும் பாடத்திட்டப் பொறுப்பும். எனக்கு முதுகலைப் பட்டமும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும்.

பிப்ரவரி 13

பசுவைப் பார்த்து, "கொம்பு வெச்ச நாயா சார்?" என்றார்கள். களைப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

நானே ஒரு தாள் வரைகிறேன். எங்கள் தீவு, மேற்கே பவளத்திட்டுக்குள் அடங்கிய உள்கடல், கிழக்கே வெளிக்கடல், நடுவில் படகு நுழையும் வாய், கிணறுகள், கிழங்குக் குழிகள், வீடுகள். வடக்கு மேலே, முறைப்படி. ஒரு நகலைப் பாரானிகோவுக்கும் அனுப்பப் போகிறேன். பார்க்கட்டும்.

என் மனைவி மரேயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "கூரை ஒழுகுது. நீங்க தீவுக்குப் பெயின்ட் அடிங்க."

மார்ச் 6, புதன்

தாளை மாட்டினேன். வகுப்பில் முழுச் சுவர் தெற்கே மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்தவை. "உள்கடல் எங்கே?" என்று கேட்டால் ஒருத்தரும் தாளைத் தொடவில்லை. வலப்பக்கம் வெளியே கை நீட்டுகிறார்கள். உள்கடல் அங்கேதான் இருக்கிறது, யார் இல்லை என்றது? தாளில் அது இடப்பக்கம்.

"சார், கடல் இடம் மாறிப்போச்சு" என்றாள் டாபேயா. முன்வரிசைக் குட்டி, வாய் ஓயாதவள்.

மணியடித்த பின் பார்க்கிறேன், தாளைக் கழற்றித் தரையில் போட்டு, சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். கத்திவிட்டேன். "படம் மிதிக்கிறதுக்கா இருக்கு? எடுங்க! இனி எவனாவது தொட்டீங்க..." உலகம் முழுவதும் வரைபடம் சுவரில்தான் தொங்குகிறது. இவர்களுக்கு மட்டும் என்ன வந்தது?

மார்ச் 14, வியாழன்

வானொலியில் எனக்குச் செய்தி, நகல் கிடைத்ததாம். நாளை விமானத்தில் பாரானிகோ வருகிறானாம். வகுப்பில் இரண்டு தாளையும் சோதித்துப் பார்ப்பானாம். எதில் பிள்ளைகள் பதில் சொல்கிறார்களோ அதுதான் எல்லாத் தீவுப் பள்ளிகளுக்கும் அச்சாகும். என் தாள் தோற்றால், ஓய்வு பெறும்வரை அந்தப் பசுமாட்டோடுதான் குடித்தனம்.

மார்ச் 15, வெள்ளி

வந்தான். தொப்பை போட்டிருக்கிறது. வந்ததும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தான் — நல்லவன் வேஷம் அவனுக்குக் கைவந்த கலை. நான் நாற்காலியில்.

முதலில் அவன் தாள். "ஆறு எங்க போகுது?" பிள்ளைகள் மனப்பாடமாகக் கத்தினார்கள், "கடலுக்கு!" நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வேறு வழி?

அடுத்து என்னுடையது. "உள்கடலைக் காட்டுங்க பாக்கலாம்." எல்லாக் கையும் வெளியே. திரும்பக் கேட்டான். திரும்பவும் வெளியே. டாபேயா என்னைப் பார்த்தாள். நான் திட்டியது நினைவிருந்திருக்கும், வாயைத் திறக்கவில்லை.

பாரானிகோ சிரித்தான். "என்னய்யா, படம் அழகாத்தான் இருக்கு. பசங்களுக்கு ஏறலயே?"

அந்தச் சிரிப்பு. சூவாவில் தேர்வு முடிவன்று சிரித்த அதே சிரிப்பு. எழுந்து தாளைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரு முனை கிழிந்தது. பாய் நடுவே போட்டு, தாளின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பினேன். "ம், இப்ப காட்டுங்கடா!"

காட்டவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் வீடு இருக்கிற இடத்தில் அவரவர். "இது எங்க கிணறு!" "ஏய், குழியில உக்காராதே, கிழங்கு நசுங்கும்!" டாபேயா படகு வாயில் காலை நீட்டிக்கொண்டு, "யாரும் போக முடியாது, காசு குடுங்க" என்றாள். பாரானிகோ கேள்வியே கேட்கவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் வெளிக்கடலில் உட்கார்ந்திருந்தான்.

"சுறா வரும் சார், தள்ளிக்கோங்க!"

போகும்போது, "இதையே அச்சடிக்கிறேன். பாய் அளவுக்கு, தீவுக்கு ஒரு படம்" என்றான். நான் நன்றி சொல்லவில்லை. பிடுங்கியது பிள்ளைகளுக்காகவா, அவனுக்காகவா? அவனை ஜெயிக்கத்தான்.

மார்ச் 16

மரேயா கேட்டாள், "ஜெயிச்சாச்சே, இன்னும் ஏன் அந்த மூஞ்சி?"

ஜூலை 22, திங்கள்

அச்சான தாள்கள் வந்துவிட்டன. அடியில் என் பெயர், அவன் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில். எதிர்பார்த்ததுதான்.

பாயில் விரித்தோம். நாற்காலி தாளுக்கு இடைஞ்சலாக இருந்தது, வெளியே போட்டேன். என் வீடு வடக்குக் கோடி. அங்கே பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தால், நான் எழுதிய எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழ்.

இருக்கட்டும்.