முடிவு என்று எழுதிவிட்டேன்

பிரிக்பீல்ட்ஸ்,
24.10.1993, ஞாயிறு

அன்பு மகள் சீதாலெட்சுமிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஜெயராஜும் அந்த லீட்ஸ் குளிரில் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவின் இடது முழங்கால் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது, ஒரு வாரமாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு மழை, கால் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. கிள்ளானிலிருந்து நல்லம்மாள் அத்தை போன ஞாயிறு வந்து தீபாவளிக்கு உனக்கென்று ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போனாள், நீ கட்டுவாயா என்று கேட்டாள், கட்டுவாள் என்று சொல்லிவிட்டேன், ஒரு படம் எடுத்து அனுப்பிவிடு, இல்லாவிட்டால் அடுத்த தீபாவளி வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். உனக்கு இரவு வேலை குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வார்டில் நிற்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் காலை உயரமாக வைத்துப் படு என்றும் சொன்னாள்.

இந்தக் கடிதத்தோடு மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது, கீழே என் கையெழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகையும் இருக்கும். அதை மடிப்புக் கலையாமல் பத்திரமாக வை. எதற்கு என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அலுப்பாக இருந்தாலும் ஒழுங்காகப் படி.

நம் ஒலிநூல் குழுவைப் பற்றி உனக்குத் தெரியும், கண் தெரியாதவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துக் கேசட்டில் பதிகிறோம். நான் பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், 1989இல், நெதர்லாந்தில் உள்ள ஓர் அறநிதியத்தின் உதவியோடு தொடங்கியது. இங்கே நாங்கள், இலங்கையில் மட்டக்களப்பில் கந்தையா என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடத்தும் சிறிய குழு, இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு வருடத்தில் 212 புத்தகங்கள் பதிந்தோம். அதோடு வாசிப்பதற்கு இருபத்தாறு விதிகள் எழுதினோம். அடைப்புக்குறி வந்தால் திறக்கும்போதும் மூடும்போதும் சொல்ல வேண்டும், தெரியாத பெயர் வந்தால் எந்த ல, எந்த ர என்று எழுத்துக் கூட்ட வேண்டும், படம் வந்தால் தாண்டிப் போகாமல் என்ன படம் என்று சொல்ல வேண்டும், இப்படி. அந்த விதிகளில் பாதிக்கு மேல் மார்க்கிரட் சொன்னவை.

மார்க்கிரட்டை நீ ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய், போன முறை நீ வந்தபோது உன் காலடிச் சத்தத்தை வைத்து அக்கா செவிலியரா என்று கேட்டாளே, அவள்தான். மூன்று வயதில் பார்வை போனவள், இப்போது முப்பத்தாறு. பதினான்கு வருடமாக ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளர். சனிக்கிழமைகளில் வந்து நாங்கள் பதிந்த கேசட்டுகளை முழுக்கக் கேட்டுத் தப்பு இருக்கும் இடத்தை நிமிடம் நொடியோடு சொல்வாள். நான் ‘பழம்’ என்று வாசித்ததை, ழ சரியாக விழவில்லை என்று மூன்று முறை திரும்பப் பதிய வைத்திருக்கிறாள். அவள் அலுவலகத்தில் இப்போது தானாகவே இணைப்புக் கொடுக்கும் புது இயந்திரம் வந்துவிட்டது, டிசம்பர் 31ஆம் தேதியோடு அவளுக்கு வேலை இல்லை. வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள், எல்லா இடத்திலும் அதே இயந்திரம். ஒன்றும் அமையாவிட்டால் தைப்பிங்கில் அக்காள் வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே போனால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நேரத்துக்குச் சோறு போடுவார்கள் அங்கிள், அவ்வளவுதான் என்றாள்.

இந்த நிலையில்தான் மே மாதம் அந்த அறநிதியம் இரண்டாம் கட்ட உதவியை அறிவித்தது. புதிதாக யாருக்கும் இல்லை. முதல் திட்டத்தில் கிடைத்த பலனை எடுத்து அதன்மேல் கட்டுபவர்களுக்கு மட்டும், அதுவும் இரண்டு நாட்டுக் குழுக்கள் கூட்டாகச் செய்தால் மட்டும். எங்களுக்கென்றே எழுதியதுபோல இருந்தது. இரண்டு ஊர்க் கேசட்டுகளையும் பரிமாறிக்கொள்வது, பள்ளிப் பாடநூல்களைப் பதிவது, எல்லாவற்றையும் கேட்டுத் திருத்த ஒரு முழுநேர ஆள். அந்த ஆள் மார்க்கிரட் என்று பெயர் போட்டே விண்ணப்பத்தில் எழுதினேன். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. முதல் திட்டத்தின் பலன்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக, நேரே அவர்களுக்குக் கடிதம் எழுதி உறுதி செய்ய வேண்டும்.

நான் அப்போதே கந்தையாவுக்குக் கடிதம் எழுதினேன். ‘முதல் திட்டத்தின் முடிவை உறுதி செய்து அறநிதியத்துக்கு உடனே கடிதம் அனுப்புங்கள்.’ இதுதான் வாக்கியம், கார்பன் படி என்னிடம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் மார்க்கிரட்டுக்கு வாசித்தும் காட்டினேன். அவளும் சரி என்றாள்.

அக்டோபர் 4ஆம் தேதி பதில் வந்தது. கூட்டாளிக் குழுவே திட்டம் முடிந்துவிட்டதாக எழுத்தில் உறுதி செய்திருப்பதால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை என்று. கந்தையாவின் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். திட்டம் முடிவுக்கு வந்தது, கேசட்டுகள் பெட்டியில் கட்டிப் பூட்டப்பட்டன என்று நல்ல ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லக் கூடாது. நான்கு வருடம் கூட இருந்த மனிதர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அன்றே அவருக்கு இரண்டு பக்கம் எழுதினேன், அதில் இருந்த சொற்கள் ஒரு பெரிய மனிதருக்கு எழுதக் கூடாதவை. மார்க்கிரட்தான் தபாலில் போடவிடவில்லை. அவரு கடிதாசி எழுதுனா பின்னாலயே கேசட்டும் வரும் அங்கிள், மனசுல உள்ளத கேசட்லதான் பேசுவாரு, அது வரட்டும்லா என்றாள். அம்மாவும் தபால்தலை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். தபால்தலைகள் அலமாரியில் இருந்தது எனக்குத் தெரியும்.

கேசட் ஏழாம் தேதி வந்தது, மட்டக்களப்பிலிருந்து ஐந்து வாரம். சனிக்கிழமை வரை காத்திருந்து மார்க்கிரட் வந்ததும் போட்டோம். முதலில் ஏதோ வாகனம் போகிற சத்தம், ஒரு சேவல், பிறகு அவர் குரல். ஐயா, நீங்க முடிவ உறுதிப்படுத்தச் சொல்லி எழுதினீங்க. எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினன். வெள்ளிக்கிழமை கேக்க வாற ஆக்கள் பதினெட்டுப் பேர், அவங்களுக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல்ல. ஆனா நீங்க காரணம் இல்லாம முடிக்க மாட்டீங்க, அங்க என்ன கஷ்டமோ. கேசட் எல்லாத்தையும் வேப்பிலை போட்டுப் பெட்டியில கட்டி வைச்சிட்டம். இவ்வளவு நாளும் செய்ததுக்கு நன்றி ஐயா. இப்படிச் சொல்லி முடித்தார், ஒரு குற்றச்சாட்டுக்கூட இல்லை.

நாடா ஓடி முடிந்து விசை தானாக விழுந்தது. பிறகு மார்க்கிரட், அங்கிள், நம்ம ரிசல்ட்ன்னு நெனச்சோம், அவரு க்ளோசிங்ன்னு நெனச்சிட்டாரு என்றாள். சீதா, முப்பத்தொரு வருடம் நான் பத்திரிகையில் தேர்தல் முடிவு எழுதினேன், சோதனை முடிவு எழுதினேன், பந்து விளையாட்டின் முடிவு, வழக்கின் முடிவு, எல்லாம் எழுதினேன். என் கைக்கு முடிவு என்றால் கிடைத்தது என்றுதான் பொருள். முற்றுப்பெற்றது என்றும் அதற்குப் பொருள் உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும், எனக்கு அந்த ஒரு நாள் தோன்றவில்லை. எழுதும்போது நான் தேர்தல் இரவில் எண்ணிக்கை வாங்குகிறவனாக இருந்திருக்கிறேன். அதைப் படித்தவர் அடுத்த மாதம் எந்தப் பாதை திறந்திருக்கும் என்று தெரியாத ஊரில் உட்கார்ந்து எந்த நல்ல காரியமும் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர். அம்மா கேட்டுவிட்டு, ஊர்ல உள்ளவன் எழுதுன தப்பையெல்லாம் திருத்துன மனுஷன், தன் கடுதாசியத் திருத்த ஆள் இல்லாமப் போச்சு என்றாள். கந்தையாவுக்கு எழுதிய அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

மார்க்கிரட்டிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நானும்தான் கேட்டேன் அங்கிள், ‘பழம்’ தப்புன்னு புடிச்ச காது இத விட்டுருச்சி என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை நான் நெதர்லாந்துக்குத் தொலைநகல் அனுப்பி விளக்கினேன். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். சொல் பிழை என்பது புரிகிறது, ஆனால் மட்டக்களப்புக் குழு கையெழுத்திட்டுச் சொன்னதை அவர்களே கையெழுத்திட்டுத் திருத்த வேண்டும், இரு குழுக்களின் அசல் கடிதங்களும் ஒரே உறையில் டிசம்பர் 15க்குள் வந்தால் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று. மட்டக்களப்பிலிருந்து இங்கே தபால் வர ஐந்து வாரம், இங்கிருந்து அங்கே போவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது. நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், உண்மையைச் சொல்கிறேன், உடம்பிலும் மனத்திலும் தெம்பு இல்லை.

அவள் விடவில்லை. மூன்று நாள் மாலை வேலை முடிந்து நேரே இங்கே வந்து நம் தொலைபேசியில் உட்கார்ந்தாள். இங்குள்ள இணைப்பாளரோடு மலாயில் பேசினாள், கொழும்பு இணைப்பாளரோடு ஆங்கிலத்தில் பேசினாள், பக்கத்தில் இருந்து கேட்டும் எனக்குப் புரியாத ஏதோ தொழில் பாஷை, மூன்றாவது நாள் மட்டக்களப்பில் ஒரு மாதா கோயில் பாதிரியார் வீட்டில் மணி அடித்தது. கந்தையாவை வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அங்கே வந்து காத்திருக்கச் சொன்னோம். வந்திருந்தார். ஆறு நிமிடம் பேசினோம், அதில் இரண்டு நிமிடம் இரைச்சல். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கிறார். ஐயோ ஐயா, பெறுபேறு எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும், நாங்க சோதனைக்கும் பெறுபேறு எண்டுதானே சொல்றது என்றார். இன்றைக்கே பெட்டியைத் திறக்கிறேன், வெள்ளிக்கிழமை ஆட்களை வரச் சொல்கிறேன் என்றார். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பதினெட்டுப் பேருக்கு இந்த வெள்ளி கேசட் ஓடியிருக்கும். அது ஒன்றுதான் இந்த மாதம் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

நேர்த் தொடர்பு கிடைக்காவிட்டால் வேறு தொலைபேசி நிலையம் வழியாகச் சுற்றிக் கொடுப்பது மார்க்கிரட்டின் தொழில். தபாலுக்கும் அதையே யோசித்தாள். அந்தப் பாதிரியார் நவம்பர் 27ஆம் தேதி லண்டன் வருகிறார். கந்தையாவின் திருத்தக் கடிதத்தைக் கையில் கொண்டுவந்து அங்கிருந்து லீட்ஸில் உன் முகவரிக்குப் போடுவார். எங்கள் பக்கக் கடிதம்தான் இதோடு வைத்திருக்கும் தாள், அதில் உள்ள ரேகை மார்க்கிரட்டினுடையது. சீதாக்கா வூடுதான் நமக்கு எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிவிட்டாள். உன்னைக் கேட்காமல் ஏற்பாடு செய்துவிட்டோம், கோபப்படாதே. டிசம்பர் முதல் வாரத்தில் இலங்கைப் பாதிரியாரின் கையெழுத்தோடு ஒரு பழுப்பு உறை வரும். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் கடிதத்தையும் இந்தத் தாளையும் ஒரே உறையில் போட்டு, அன்றைக்கே நெதர்லாந்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. முகவரி தாளின் பின்பக்கம் இருக்கிறது. உனக்கு வார்டு வேலை என்றால் மாப்பிள்ளை வங்கிக்குப் போகும் வழியில் போடட்டும். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றுதான் சொன்னார்கள், தருவோம் என்று சொல்லவில்லை. மார்க்கிரட்டுக்கும் அது தெரியும், தைப்பிங் அக்காளுக்கு இன்னும் பதில் எழுதாமல் வைத்திருக்கிறாள்.

மழை தொடங்கிவிட்டது, அம்மா துணி எடுக்க எழுந்துவிட்டாள், நான் போக வேண்டும். தீபாவளியன்று காலையில் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், வெந்நீர் வராத வீடு என்று சாக்குச் சொல்லக் கூடாது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பில் நோயும் மனத்தில் சங்கடமும் அண்டாமல் நீண்ட காலம் சேர்ந்து நன்றாக இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வாதம் செய்கிறோம்.

கடைசியாக ஒன்று. இந்த முறை கடிதம் முழுவதையும் மார்க்கிரட்டுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மேலே உறையைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு சொல்லை அடித்து மை பூசியிருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே நான் ‘உறை வந்ததும் திருப்பி அனுப்பு’ என்று எழுதியிருந்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். திருப்பி அனுப்புன்னா அக்கா நமக்கே அனுப்பிருவாங்க அங்கிள், எங்கன்னு ஊரு பேரு போட்டு எழுதுங்க என்றாள். போட்டிருக்கிறேன். நெதர்லாந்து.

உன் அன்புள்ள அப்பா,
சபாபதி