தம்பி தோற்ற முதல் வழக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறேன். இங்க எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் யாருக்கும் சரியில்ல. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாம இருக்கணும். அப்பாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, வாயி மட்டும் குறையல.

உன் தம்பியைப் பத்தித்தான் எழுத உட்கார்ந்தேன். சட்டக் கல்லூரியில முதல் மாணவனா வந்தவனாச்சே, தெருமுனை தையல்கார அக்கா கேஸைத் தானே நடத்துறேன்னு எடுத்துக்கிட்டான். அவங்க மகளைப் பார்க்கப் போயிருந்த சமயம் கடை ஓனர் பூட்டை மாத்திட்டார், மிஷினெல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு. இவன் சாப்பாடு தண்ணி மறந்து பழைய தீர்ப்பா படிச்சான். கோர்ட்ல நல்லாத்தான் பேசினானாம். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அந்தம்மா தானாவே காலி பண்ணிட்டுப் போனாங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். பூட்டு மாத்தினதைப் பார்த்த சாட்சி யாருன்னு ஜட்ஜ் கேட்க, இவன் மறுபடி பழைய தீர்ப்பையே எடுத்துப் படிச்சானாம். கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. கடைக்கு எதிர்ல முடிவெட்டுறவர் எல்லாத்தையும் பார்த்திருக்கார். என்னை யாரும் வந்து கேட்கவே இல்லையே சார்னு பிறகு அப்பாகிட்ட வருத்தப்பட்டார்.

கோர்ட் வராந்தாவுல அந்தக்கா, அப்போ நான் எங்க போறது தம்பின்னு கேட்டிருக்காங்க. இவன் மேல்முறையீடு, சட்டப்பிரிவுன்னு என்னமோ சொல்ல, பாதியிலயே படி இறங்கிட்டாங்க. இப்போ மகள் வீட்டோட போயிட்டாங்க. அப்பீல் போடலாம்னு இவன் தேடிப் போனதுக்கு, போதும்பா, விட்டுடுன்னு வாசல்லயே நின்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அன்னிக்கிலிருந்து இவன் கறுப்புக் கோட்டைத் தொடல. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தே கிடக்கான்.

நீயும் அங்க இதே படிப்பைத்தான் சொல்லிக் கொடுக்கிற, பாடத்திட்டத்தை மாத்துற கமிட்டியில வேற இருக்கே. அதனால கேட்கிறேன். சம்பவம் நடந்த இடத்தைப் போய்ப் பாருங்கடான்னு ஒரு வாத்தியாராவது அனுப்பினாரான்னு அப்பா இவனைக் கேட்டார். இல்லைன்னான். தோத்தவங்ககிட்ட எப்படிப் பேசணும்னாவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு நான் கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். படிப்பைத் திட்டினா அந்தக்காவுக்குக் கடை வந்துடாது, தெரியுது. ஆனாலும் உன் வகுப்புப் பசங்களையாவது புஸ்தகத்தை மூடிட்டுக் கொஞ்சம் தெருவுக்கு அனுப்பும்மா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மனநிறைவோட நல்லா வாழணும். மறக்காம தம்பிக்குப் போன் பண்ணு, சட்டம் மட்டும் பேசாதே. இவன் வேற, நம்ம அக்காவுக்கு எழுதிடாதேம்மா, அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு அழுதான். நான் எழுதினதா காட்டிக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா