பேபியின் இடது பக்கம்

1974 பிப்ரவரி 11

பேபி வேளாங்கண்ணிக்குப் போய் இன்றோடு பதினொரு நாள். நாலு நாளில் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிப் போனாள். நாற்பத்து நாலு வயது மகளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அடுத்த வீட்டு ஜெபகனி வந்து, "மாதா கோயில்ல கூட்டமா இருக்கும், வந்துருவா" என்று ஆறுதல் சொன்னாள். ஐம்பத்தெட்டில் வாங்கிப் போன என் அம்மிக் குழவி இன்னும் அவள் வீட்டில்தான் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

பிப்ரவரி 14

காலை ரயிலில் வந்தாள். தலையில் முக்காடு, காதைச் சுற்றிக் கட்டு. பல்வலி என்றாள். பல்வலிக்கு வாய் ஏன் வலது பக்கம் கோணுகிறது? இடது கண் ஏன் மூடவில்லை? காப்பி கொடுத்தேன். இடது கடைவாயில் வழிந்து சேலை எல்லாம் கொட்டியது. அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை, அழுதுவிட்டாள்.

வேளாங்கண்ணிக்கே போகவில்லை. மெட்ராஸில் ஒரு டாக்டர், காது ஓரத்தில் தோலை வெட்டி, பின்னால் இழுத்துத் தைத்து, முகச் சுருக்கத்தை எடுக்கிறாராம். சினிமாக்காரர்கள் செய்துகொள்வதாம்.

"உனக்கு எதுக்குளா அது?"

"அவுக ஆகஸ்ட்ல வாராகம்மா. கப்பலை விட்டுட்டு பம்பாய் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்றாக. என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருக்காக. அவுக பக்கத்துல நான் நிக்கணும்லா."

என் மருமகன் அம்புரோஸ் இருபத்தைந்து வருடமாகக் கப்பலில் சமையல்காரன். இவளோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் மூன்று வருடம் தேறாது. இப்போதுதான் இவளுக்குப் புருஷன் கிடைக்கப் போகிறான். அதற்காகப் போய் இப்படி—

டாக்டரிடம் கூட்டிப் போனது யார் என்று கேட்டேன். பிளாரன்ஸ். மெட்ராஸில் இருக்கும் அம்புரோசின் அக்கா.

பிப்ரவரி 15

நாற்பத்தொன்பது தை மாதம் பேபிக்குக் கல்யாணம். பத்தொன்பது வயசுப் பிள்ளை. பந்தலில் நாற்பது பேர் இருக்கும்போது பிளாரன்ஸ் சொன்னாள்: "பொண்ணைப் பார்த்தா எங்க தம்பிக்குச் சித்தி மாதிரில்லா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். நான் பந்திக்கு உட்காரவில்லை. அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இந்த வீட்டில் அவள் பெயர் பேசக்கூடாது. அதனால்தான் பேபி பொய் சொல்லிப் போனாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

முகம் கோணுவது வெறும் மரப்புதான், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

பிப்ரவரி 20

மத்தியானம் தூங்கும்போது இடது கண் திறந்தே கிடக்கிறது. கண் காய்ந்துவிடும் என்று ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டு, இமையை விரலால் இறக்கி, மேலே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நான்தான் செய்கிறேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொள்கிறாள். இப்படி வைத்து எத்தனை வருடம்.

பிப்ரவரி 26

தபால்காரர் தனராஜ் ஒரு இன்லேண்டு கடுதாசி கொடுத்துப் போனார். பேபி பெயருக்கு. அனுப்பியது பிளாரன்ஸ். பேபி கண்ணில் பிளாஸ்திரியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பிரிக்கவில்லை. மாதா சுரூபத்துக்குக் கீழே உள்ள பெட்டியில், குருத்து ஞாயிறில் வாங்கிய பழைய குருத்தோலைக்கு அடியில் போட்டுவிட்டேன். கெடுத்தது போதாதா, நலம் வேறு விசாரிக்க வேண்டுமா? இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மனசு நிறைந்தது.

பிப்ரவரி 27

சாம்பல் புதன். சாமியார் சாம்பல் பூசும்போது பேபிக்கு நெற்றி வலது பாதி மட்டும் சுருங்கியது. இடது பாதி கல்யாணத்தன்று இருந்த மாதிரி வழவழவென்று இருக்கிறது. கேட்டது கிடைத்திருக்கிறது, பாதி முகத்துக்கு.

மார்ச் 21

ஒரு மாதம் தாண்டிவிட்டது. அசைவு இல்லை. மாதா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்குத் தண்டனை என்று பேபி நம்புகிறாள். நானும் அப்படித்தான் சொன்னேன். போன வாரம் ரெண்டு பேரும் உண்மையாகவே வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளியில் முகம் வாங்கிக் காணிக்கை போட்டு வந்தோம். மெட்ராஸுக்கு ஒரு நடை போய்க் காட்டட்டுமா என்று வழியில் கேட்டாள். "அவ வாசப்படிய நீ திரும்ப மிதிச்சா என் முகத்துல முழிக்காதே" என்றேன்.

ஏப்ரல் 12

பெரிய வெள்ளி. சிலுவையை முத்தி செய்ய பேபிக்கு உதடு குவியவில்லை. பின்னால் வரிசை நின்றது. நெற்றியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஜூன் 9

ஆலந்தலையில் கட்டிக் கொடுத்த பேத்தி மரியசெல்வி வந்து தாயைப் பார்த்து அழுதுவிட்டுப் போனாள். வேறொன்றும் மாறவில்லை.

ஜூலை 26

மாதா கோயில் கொடியேற்றம். பேபி வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி முன்னால் நாற்காலியை இப்படியும் அப்படியும் போட்டு உட்கார்ந்து பார்க்கிறாள். இடது பக்கம் சுவரோடு இருக்கிற மாதிரி.

ஆகஸ்ட் 3

மாப்பிள்ளை வந்தார். தலைக்கு மை அடித்திருக்கிறார். மெட்ராஸில் அக்கா வீட்டில் இறங்கி, விஷயம் தெரிந்தேதான் வந்திருக்கிறார். தெரிந்தும், கையில் இருந்த பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார். "ஏளா பேபி" என்றார். ஆசையாக மக்ரூன் வாங்கி வந்திருந்தார். தூள் இடது கன்னத்தில் ஒதுங்கிக்கொண்டது, பேபி முற்றத்துக்குப் போய் விரலை விட்டு எடுத்தாள். திரும்பி வருவதற்குள் அவர் தன் நாற்காலியை அவளுக்கு வலது பக்கம் மாற்றிப் போட்டிருந்தார். குற்றம் சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லாரும் இப்போது வலது பக்கம்தான் உட்காருகிறோம்.

ஆகஸ்ட் 8

சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அக்கா அப்பவே உனக்குக் கடுதாசி போட்டாளாமே. பதிலே போடலன்னு வருத்தப்படுதா."

"எனக்கு எந்தக் கடுதாசியும் வரலியே."

"பின்னே? மெட்ராஸ்ல இருந்து வாரதுக்குள்ள திமிங்கலம் முழுங்கிட்டோ?"

பேபி வலது பக்கத்தால் சிரித்தாள். நான் அடுப்படியில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தேன். சீவின மீனையே திரும்பவும் சீவினேன்.

ஆகஸ்ட் 12

போய்விட்டார். தனியாக. "வீடு பார்த்துட்டு எழுதுதேன் மாமி" என்றார். மாமி என்று என்னிடம்தான் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13

பிரித்துப் படித்தேன். பிளாரன்ஸின் கையெழுத்து ஒரே கிறுக்கல், எழுத்துக் கூட்டிக் கூட்டி.

"டாக்டர் உன்னை உடனே வரச் சொல்லுகிறார். மரப்பு இத்தனை நாள் நிற்கக் கூடாதாம். தையலில் நரம்பு மாட்டியிருக்கலாம், மார்ச் பத்துக்குள் வந்தால் பிரித்து விட்டுவிடலாம், பிந்தினால் நரம்பு செத்துப்போகும் என்கிறார். நான் கூடவே இருப்பேன். உங்க அம்மாவிடம் மறுபடியும் வேளாங்கண்ணி என்றே சொல்லிவிட்டு வா. அவர்களுக்கு என் மேல் உள்ள கோபம் நியாயம்தான். கல்யாணத்தன்று வாய் விட்டது எனக்கே இன்னும் ஆறவில்லை."

திரும்பவும் குருத்தோலைக்கு அடியில் வைத்தேன். வேறு எங்கே வைக்க?

செப்டம்பர் 2

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர். ஊசியால் குத்தினார், கரண்ட் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் கல்லு மாதிரி இருந்தது. "இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்லம்மா. முதல் மாசமே திருப்பிக் காட்டியிருக்கணும். யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லல டாக்டர்" என்றாள் பேபி. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

செப்டம்பர் 15

பூசைக்குப் போனேன். நன்மை வாங்கப் போகவில்லை. பாவத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை நாக்கில் வாங்கக் கூடாது.

அக்டோபர் 19

மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். கிடைத்தது ஒரு அறைதானாம், இன்னொருத்தரோடு சேர்ந்து. அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

பேபி பம்பாய்க்கு என்று எடுத்து வைத்திருந்த ரெண்டு சேலையையும் மரியசெல்விக்குக் கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் 27

கொடுத்துவிட்டேன்.

பேபி சன்னல் ஓரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடுதாசியை மடியில் போட்டுவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். தெரிந்தேதான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ரெண்டு தடவை படித்தாள்.

"எப்ப வந்தது?"

"பிப்ரவரி இருபத்தாறு."

"நீ எப்பம்மா படிச்சே?"

"மாப்பிள்ளை போன மறுநாள்."

முறத்தைத் திரும்ப எடுத்தாள். நெற்றி வழவழவென்று இருந்தது, கன்னம் அசையவில்லை. அந்தக் கண்ணில் எப்போதும்தான் தண்ணீர் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எழுந்து வலது பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். ரெண்டு முழ தூரம். நான் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 3

கண்ணுக்கு மருந்து போடலாம் என்று பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேபி வந்து மருந்தையும் பிளாஸ்திரியையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய், தானே போட்டுக்கொண்டாள். எட்டு நாளாக அப்படித்தான். இன்றைக்கும் கோணலாக ஒட்டியிருக்கிறாள். ஓரத்தில் கண் தெரிகிறது.