அறுபத்து நான்காவது முகடு

மார்ச் 4, செவ்வாய்

பசை அக்காவின் புதுக் கட்டை சோதனைக்கு என் மேசைக்கு வந்துவிட்டது. சோப்புக்கட்டி அளவு, உள்ளே எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு படிகங்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனருக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே மின்னும் தாள் செருகி, பசை தடவி, அக்கா கையாலேயே அடுக்குகிறார். பதினான்கு வருடமாக.

கட்டைமேல் கதிரைப் பாய்ச்சி, அது விழுந்த இடங்களைக் கட்டம் கட்டமாக எண்ணினால் திரையில் ஒரு படம் வரும்: படிகத்துக்கு ஒன்றாக அறுபத்து நான்கு முகடுகள். ஒவ்வொரு முகட்டின் மேலும் ஒரு மணி வடிவ மேட்டைப் பொருத்தி, அதன் நடுப்புள்ளியைச் சொல்வது என் புரோகிராமின் வேலை. இரண்டு மேடுகள் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தால், நடுவே தாள் விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

இன்றும் உட்கார்ந்துவிட்டன. இப்படி ஆவது இது மூன்றாவது கட்டை.

மார்ச் 6, வியாழன்

அறிக்கை அனுப்பினேன். அக்கா என் பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தார்.

"அந்த மூலையில மங்கலா ஒண்ணு தெரியுதேம்மா?"

"அது வெறும் இரைச்சல்க்கா."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். ஏன் அப்படி ஓர் அவசரம்?

மார்ச் 7, வெள்ளி

மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுக் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னாராம். திங்கள் முதல் பேக்கிங் பிரிவு. அக்கா சண்டை போடவில்லை. "மிஷினே சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும். வயசாகுதில்ல" என்று என்னிடமே சொல்லிவிட்டு, இடுக்கியைத் துடைத்து வைத்தார். நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் அக்கா ஒரு தட்டோடு வந்தார். ஒதுக்கிய கட்டை ஒன்றைக் கரைப்பானில் ஊறவைத்து, சாப்பாட்டு நேரத்தில் பிரித்திருக்கிறார்.

"நூத்திப் பன்னெண்டு தாள் இருக்கணும். எண்ணிக்கோ."

எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

"கண்ணும் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப நான் என்னதாம்மா தப்பு பண்ணேன்?"

இன்னும் தப்பு தன்னுடையது என்றே நினைக்கிறார்.

புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே இருக்கும் கட்டங்களையெல்லாம் பூஜ்யமாக்கு – இரைச்சலைக் கழிக்கப் பிப்ரவரியில் நான் சேர்த்த வரி. மூலைப் படிகத்தில் வெளிச்சம் குறைவு. அதன் முகடு முப்பத்தைந்தைத் தாண்டாது. அதை நானே அழித்துவிட்டேன். உட்கார இடமில்லாத மேடு நகர்ந்துபோய்ப் பக்கத்து முகட்டில் ஒண்டிக்கொண்டது. அறுபத்து நான்கு கேட்டேன். அதுவும் பாவம், அறுபத்து நான்கு கொடுத்தது.

வரியை எடுத்துவிட்டு, மூலையில் தேடத் தொடங்கும் இடத்தைக் கையால் கொடுத்து ஓட்டினேன். மூன்று கட்டைகளின் பழைய பதிவுகளிலும் எல்லா மேடுகளும் தனித்தனியாக நின்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் – நான்தான் அவள்.

பதினாலு வருஷம். ஒரே வரியில முடிச்சிட்டேனே.

மார்ச் 12, புதன்

மேலாளரிடம் சொன்னேன். "சாஃப்ட்வேர் கோளாறுன்னு போட்டுக்கலாம்மா" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், நல்ல மனுஷர். "இல்ல சார், என் பேரையே போடுங்க" என்றேன்.

அக்காவிடம் சொல்லத்தான் பயம். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே டேப்பை இழுத்து ஒட்டிப் பெட்டியை மூடினார். "சரி, போ" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

அக்கா தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஒரு தாளை வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். முன்பெல்லாம் பேசிக்கொண்டே அடுக்குவார். இதைத் திருத்த எனக்கு எந்த வரி தெரியும்?

மார்ச் 20, வியாழன்

அக்கா திரும்பி வந்தபின் முதல் கட்டை. ஓட்டினேன். மூன்றாம் வரிசையில் இரண்டு மேடுகள் ஒரே இடத்தில்.

அரை மணி நேரம் படத்தையே பார்த்தேன். தொடங்கும் இடங்களை மாற்றி மாற்றி ஐந்து முறை ஓட்டினேன். அங்கே உண்மையிலேயே ஒரே முகடுதான்.

அறிக்கை எழுதவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். விரலால் இடத்தைக் காட்டினேன். விளக்கடியில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா, தாள் விட்டுப்போச்சு. இது என் தப்புதான்."

அக்கா லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற? அந்தக் கரைப்பான எடு."

எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார். உட்கார்ந்தேன்.