முரசு அறையாத வெள்ளம்

கடல் காவலரும் இரு நதிகளுக்கு இறைவருமாகிய திரைமங்கலப் பேரரசர் கடம்பவேள் அவர்களின் திருவுளப்படி, பேரவை அமைச்சர் விடங்கனார் விடுக்கும் ஓலை. மலை முழுதாளும் குவட்டூர்க் கோமான், பேரரசரின் அன்புத் தம்பியார், இளவேள் திண்ணரசர் திருமுன் காண்க. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தினைப்புனங்கள் செழிக்க. அரண்மனையிலும் குடிசையிலும் அடுப்புப் புகை நாள்தோறும் எழுக.

தங்கள் ஓலை கிடைத்தது. மலையேரியின் புதிய மதகுப் பொறிகள் சொன்ன சொல் கேட்பதில்லை என்றும், அவற்றை இயக்கும் மென்பொருளைச் சீர்செய்ய எங்கள் மென்பொருள் மன்றத்து அழிசியை உடனே யானைமீது ஏற்றி அனுப்புக என்றும் பணித்திருந்தீர்கள். அனுப்புகிறோம். ஆயினும் தாங்கள் கேட்ட அழிசி வேறு, வரப்போகிற அழிசி வேறு. இந்த மழைக்காலத்தில் இங்கே நடந்ததைச் சொல்லாமல் அடக்கிவைத்தால் இவ்வோலை எழுதும் அமைச்சருக்கு மூச்சே முட்டிவிடும். ஓலை சற்று நீண்டால் பொறுத்தருள்க.

எங்கள் வழக்கம் தாங்கள் அறிந்ததே. மதகு சிக்கிக்கொண்டால் கோட்டை முரசு அறையப்படும். மென்பொருள் மன்றத்திலிருந்து அழிசி யானையேறி வருவார், ஊர் கூடி ஆர்ப்பரிக்க, தண்ணீர் கரையைத் தொடும் வேளையில் எதையோ மாற்றுவார், மதகு திறக்கும், பேரரசர் அவர் காலில் பொற்கழல் பூட்டுவார். இப்படியே பூட்டிப் பூட்டி அந்த மனிதர் நடந்தால் சலங்கைக்காரர் வருவதுபோல் ஓசை கேட்கும். மதகு ஏன் அடிக்கடி சிக்குகிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர், மன்றத்தின் தலைவி வேண்மாள். சென்ற ஆண்டு அழிசி மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்த நாளில் மதகு சிக்கியது. முரசு கிழிய அறைந்தும் வருவாரில்லை. அவர் எழுதிய மென்பொருள் மன்றத்தில் வேறு யாருக்கும் தலைகால் புரியவில்லை. குயவர் தெரு கூரை வரை மூழ்கியது. உயிர் தப்பியதே பெரும்பாடு. சூளைகள் கரைந்து கிடந்த சேற்றில் நின்ற வேண்மாள் அன்று வாய்விட்டு அழுதார். மழைநீரென்று எண்ணிக்கொண்டு நாங்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

பின்னர்க் கடல் கடந்த நாட்டு அறிஞர் வழியே முதிர்ச்சிப் படிகள் என்னும் முறை அவைக்கு வந்தது. மென்பொருள் ஆக்கும் மன்றம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பதை ஐந்து படிகளால் அறியலாம் என்றனர். ஒரு வீரரை நம்பிப் பிழைப்பது முதற்படி. எடுத்த வேலையைத் திட்டமிட்டு, திட்டப்படி முடிப்பது இரண்டாவது. மன்றம் முழுமைக்கும் ஒரே செய்முறை வகுத்து அனைவரும் கற்றுக்கொள்வது மூன்றாவது. அதை அளந்து பார்த்து நடத்துவது நான்காவது. பிழை வருமுன்பே தன்னைத் தானே திருத்திக்கொண்டு வளர்வது ஐந்தாவது.

கேட்ட மாத்திரத்தில் பேரரசர் அரியணையைத் தட்டி, இம்மன்றம் இன்றே ஐந்தாம் படியில் நிற்கக் கடவது என்று ஆணையிட்டார். அவையில் மறுத்துப் பேசினார் இல்லை. ‘ஐந்தாம் படி ஏறிய மன்றம்’ என்று வாயில் நிலையில் கல் பதித்து, மஞ்சள் நீர் தெளித்து, சங்கும் ஊதியாயிற்று. மன்றத்தாரும் ஐந்து படிகளையும் பிழையறச் சொல்லப் பழகிக்கொண்டனர். ஏறத்தான் இல்லை.

மறுநாள் முதல் வேண்மாள் புழக்கடை வழியாகவே மன்றத்துக்குள் போய்வந்தார். காரணம் வினவப்பட்டபோது, அந்தக் கல்லுக்குக் கீழே நடக்கத் தமக்குப் பொய் சொல்ல நா கூசுவதுபோல் கால் கூசுகிறதென்றும், மன்றம் முதற்படியிலேதான் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறதென்றும் விண்ணப்பித்தார். பேரரசர் முகம் சிவந்தது. வரும் வெள்ளத்தில் மதகு சிக்கினால் தலைமை மட்டுமன்று, நாடும் உமக்கில்லை என்றார். வேண்மாள் தலைவணங்கி, அவ்வாறே ஆகுக, ஆனால் அந்த நாளில் அழிசிக்காக முரசு அறையலாகாது என்று வரம் கேட்டார். பேரரசர் இசைந்தார்.

அழிசியை வழிக்குக் கொண்டுவருவது வெள்ளத்தைத் தடுப்பதைவிடக் கடினமாயிருந்தது. தம் தலையில் உள்ளதைப் பிறருக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தாம் என்ன பள்ளிப்பிள்ளையா என்று முறைத்தாராம். வேண்மாள் விடவில்லை. இனி எவர் எழுதினாலும் இன்னொருவர் பார்த்த பின்பே ஏற்கப்படும் என்றார். மதகில் ஏற்றுமுன் முற்றத்துத் தொட்டியில் கட்டிய சிறு மதகில் ஓட்டிப் பார்க்கப்படும் என்றார். பிழை தீர்ந்ததும் வீட்டுக்குப் போகாமல், அது ஏன் வந்ததென்று கண்டறிந்தே எழ வேண்டும் என்றார். தினம் சண்டைதான், மன்றத்துச் சண்டை அரண்மனை மடைப்பள்ளி வரை கேட்டது.

ஒருநாள் தொட்டியில் இரு பக்கமும் ஒருசேரத் தண்ணீர் ஊற்றினார்கள். சிறு மதகு அசையவே இல்லை. நம் இரு நதிகளாகிய செவ்வாறும் கருவாறும் ஒன்றாகப் பெருகினால் திறக்க மறுக்கும் பிழை ஒன்று, அழிசி தம் கையால் எழுதியது, அங்கே ஒளிந்திருந்தது. சென்ற ஆண்டு குயவர் தெருவை மூழ்கடித்ததும் அதுதான். அழிசி முகம் சுண்டிப்போயிற்று. அன்று உச்சிவேளைச் சோற்றை அவர் தொடவில்லை. மறுநாள் காலையில் தாம் எழுதிய அனைத்தையும் தாமே சுமந்து வந்து மன்றத்தார் நடுவே வைத்து, இன்னும் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ பாருங்களப்பா என்று அமர்ந்துவிட்டார்.

வெள்ளம் வந்தது, இளவேளே! இரு நதிகளும் ஒரே காலையில் பொங்கின. வேண்மாள் அழிசியைப் பேரரசரின் அருகே, எல்லோரும் காண அமர்த்தினார். அவர் கை எதிலும் படவில்லை என்பது ஊருக்குத் தெரியவேண்டும் அன்றோ. கோபுரத்தில் முரசறைவோன் பழக்கத்தால் கோலை ஓங்கியபடி நின்றான். அழிசியின் கால் நடுங்க, பொற்கழல்கள் மட்டும் கலகலத்துக்கொண்டிருந்தன. வேண்மாள் சாளரத்தருகே கம்பியைப் பற்றி நின்றார்.

முதல் மதகு திறந்தது. அடுத்ததும் திறந்தது. பிறகு எல்லாமே வரிசையாய்த் திறக்க, நுரைத்த நீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. குயவர் தெருவில் அன்று சூளை மூட்டிப் பானை சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்ததா என்று மாலையில் கேட்டார்களாம்! அமைச்சர் தம் வயதையும் பதவியையும் மறந்து அவையிலேயே துள்ளிக் குதித்தார். இதை வேறொருவர் எழுதித் தாங்கள் அறியுமுன் தாமே எழுதிவிடுகிறார்.

பேரரசர் புதுக்கழலைக் கையில் எடுத்தார். யார் காலில் பூட்டுவதென்று விளங்காமல் திகைத்தார். பூட்டுவதற்கு ஒரு கால் இல்லாமற் போனதே இந்த நாளின் சிறப்பு என்று வேண்மாள் பணிந்துரைத்தார். இப்போது மன்றம் எந்தப் படியில் இருக்கிறது என்று பேரரசர் வினவ, மூன்றாவது, அதுவும் இப்போதுதான் கால் ஊன்றியிருக்கிறது என்றார். பேரரசர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கல்லைப் பெயர்த்து உண்மையைச் செதுக்கும் வரை தாமும் அவ்வாயிலில் நுழைவதில்லை என்றார். மறுநாள் முடி தட்டாமல் தலை குனிந்து, புழக்கடை வழியே மன்றத்துக்குள் புகுந்த முதல் வேந்தர் அவரே.

ஆகவே அரசாணை இது. அழிசி கழல்களைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே வருகிறார். யானை வேண்டாம், ஆர்ப்பரிப்பும் வேண்டாம். அவர் மதகருகே போகுமுன் தங்கள் மன்றத்தாரோடு அமரட்டும். தொடக்கத்தில் எல்லாம் மெதுவாகும், எல்லோரும் முகம் சுளிப்பார்கள், அதற்காக நிறுத்திவிடலாகாது. வாயிலில் கல் எதுவும் பதிக்க வேண்டாம். அவர் அறிந்தது அங்குள்ள அனைவர் கைக்கும் வந்த பின்பே அவருக்கு விடை கொடுக்க. அவர் திரும்பிவிட்டார் என்பதைத் தங்கள் மதகுகள் அறியாதிருக்க வேண்டும்.

இரு நதிகள் சாட்சியாக, அலை முத்திரை இட்டு, பேரரசர் திருக்கண் பார்வைக்குப் பின் விடுத்தது. ஓலை சேர்ந்ததும் தங்கள் கோட்டை முரசின் தோலைத் தளர்த்தி வைக்க.