இடது கண்ணுக்கு ஒரு ப்ரைமர்

ஆகஸ்ட் 23, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு எங்கோ போய்விட்டது. இரும்புலியூரில் மட்டும் பெய்யக் கூடாது என்று அதற்கு ஏதோ வேண்டுதல்.

ப்ரைமர் வந்துவிட்டது. கட்டைவிரல் அளவு ட்யூப். ரோஸும் வெள்ளியும் கலந்த மினுக்கம். இமையில் முதலில் இதைத் தடவி, காய்ந்த பிறகு ஐஷேடோ போட்டால் நாள் முழுக்கக் கலையாதாம். வியர்வை, தண்ணீர் எதற்கும் அசையாதாம். பெட்டியில் எழுத யாருக்குக் கை வலிக்கும்.

போட்டுப் பார்த்தேன். வலது கண் பிரமாதம். டீயும் பிஸ்கட்டும் முடிப்பதற்குள் இடது கண் அவுட். இமை மடிப்பில் கோடு. கன்னத்தில் வெள்ளித் தடம், நத்தை ஊர்ந்த சுவர் மாதிரி.

போன வருடம் முகவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் சரியாகிவிட்டது. சிரிப்பும் ஏறக்குறைய. இந்தக் கண் மட்டும் நினைத்தபோது ஊற்றுகிறது. அழுகை இல்லை, வெறும் தண்ணீர். இதை யாருக்கென்று புரியவைப்பது?

செப். 4 தம்பி கல்யாணம். முதல் முடிச்சு அவன், மற்ற இரண்டும் நான். நாத்தனார் முடிச்சு. மண்டபமே பார்க்கும். அன்றைக்காவது இந்த முகம் பழைய முகமாக இருக்க வேண்டும்.

25, திங்கள்

ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். தாம்பரத்தில் கடலைப் பொட்டலம், கொறித்துக்கொண்டே ரயில். வண்டலூர் தாண்டவில்லை, இ.கண் ஆரம்பித்துவிட்டது. எதிரே கூடையோடு ஒரு பூக்கார அக்கா.

"இன்னாம்மா, வூட்ல எதனா பேஜாரா? அழுவாத."

"அழலக்கா. கண்ணு அப்படித்தான்."

"அல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. ஆம்பள ஜாதியே அப்டித்தாம்மா, வுடு."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொன்னால் இன்னும் பெரிய ஆறுதல் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு முழம் மல்லி வாங்கினேன், வேறு வழியில்லை.

காட்டாங்குளத்தூரில் இறங்கி, காலேஜ் ஆபீஸ் பாத்ரூமில் கண்ணாடி பார்த்தால் பாதி முகம் கல்யாணம், பாதி முகம் இழவு.

28, வியாழன்

இதுவரை செய்து பார்த்தவை:

– ப்ரைமர் மெல்லிசாக, மோதிர விரலால். போச்சு.
– கெட்டியாக, இரண்டு தடவை. இன்னும் மோசம், பாளம் பாளமாக.
– மேலே பவுடர் ஒற்றி. மாவு பிசைந்த மாதிரி.
– ஐஷேடோ இல்லாமல் ப்ரைமர் மட்டும். அதுவும் போச்சு.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அம்மா, தலை நிமிராமல்: "பேசாம ரேகாவ முடிச்சு போடச் சொல்லிடலாமா? சித்தி பொண்ணும் தங்கச்சிதானே."

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"நீ அழறேன்னு நெனைப்பாங்கடி. மூத்தவ நிக்கறப்போ சின்னவனுக்கு முடிக்கறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு. மேடையில நீ கண்ணு கலங்கி நின்னா பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாங்க?"

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக எரிகிறது. அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தது நான். ரேகா அமெரிக்க டாலர் கணக்கு பேசிக்கொண்டு வந்து முடிச்சுப் போடுவாளாம். ட்யூபைத் தூக்கி எறியப் போனேன். பாதி மிச்சம் இருந்ததால் எறியவில்லை.

31, ஞாயிறு

ஆபீஸ் ஷீபா சர்ச் முடிந்து நேராக வந்தாள். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில், தலையெல்லாம் கலைந்து. "குடு, நான் போடறேன்." போட்டாள். ஃபேனை நிறுத்தி உட்காரவைத்தாள். வியர்த்துக் கொட்டியும் கண் அசையவில்லை. எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

அம்மா சாம்பார் சாதம் கொண்டுவந்தாள். இரண்டாவது வாய். குழாயைத் திறந்தாற்போல்.

ஷீபா தட்டையே பார்த்தாள். "ஏய், நீ மெல்லும்போதுதான் வருது. நிறுத்து." நிறுத்தினேன், நின்றது. முறுக்கு கடித்தேன், வந்தது. தண்ணீர் குடித்தேன், ஒன்றுமில்லை.

அம்மா, சாவகாசமாக: "டாக்டர் அப்பவே சொன்னாரே. நரம்பு திரும்பி வளரும்போது வழி மாறிடுமாம். எச்சில் ஊறணும்னா கண்ணுல ஊறுமாம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த."

சரி. ப்ரைமர் மேல் தப்பில்லை, அதை இத்தனை நாள் திட்டிவிட்டேன். முடிவு: முந்தின நாள் ரிசப்ஷனிலிருந்து தாலி ஏறும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நீயே போடு" என்றாள். ரேகா பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 3, புதன்

ஜி.எஸ்.டி. ரோடு மண்டபம். ரிசப்ஷன் முடிந்து, முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன். மேக்கப் கலையாமல் நின்றது. இரண்டு கண்ணும், கடைசி மொய்க் கவர் வரைக்கும். நிவேதா, அதாவது பொண்ணு, "அண்ணி, உங்க ஐ மேக்கப் செமயா இருக்கு" என்றாள். பாவி, அழவைக்கப் பார்த்தாள்.

மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே கேள்வி, சாப்பிட்டாச்சா. "அப்புறம்", "அப்புறம்" என்று சொல்லியே வாய் வலித்தது. கை கழுவுகிற இடத்தில் பொண்ணு வீட்டுப் பெண்கள் இருவர்: "மாப்ள அக்கா பந்தியிலயே உக்காரல, கவனிச்சியா?" "எதுனா வருத்தமோ என்னமோ." காதில் விழுந்தது. பசியில் மண்டையில் ஏறவில்லை.

4, வியாழன்

காலை டிபனையும் வேண்டாம் என்றேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கதவைத் தட்டி நிவேதாவின் அப்பா. பட்டு வேட்டி, கையில் தட்டு. பொங்கல், கேசரி. பின்னால் அவர் மனைவி, முகம் வெளுத்து.

"எங்க பக்கம் ஏதாவது கொறை இருந்தா சொல்லிடுங்கம்மா. நேத்தும் நீங்க கை நனைக்கலையாம். இன்னைக்கும் இல்லைன்னாங்க. நாத்தனாரு சாப்பிடாம எம்பொண்ணு எப்படிம்மா மணையில உக்காரும்?"

நான் சாப்பிடாதது அவர்கள் வீட்டில் நாத்தனார் கோபமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மனுஷர் ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. முகவாதம், நரம்பு, ப்ரைமர் என்று நாதஸ்வரச் சத்தத்தில் எதைச் சொல்வது? தட்டை நீட்டினார். வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாய் பொங்கல். இ.கண் திறந்துகொண்டது.

"அழாதீங்கம்மா."

"அழல சார். நிஜமா இல்ல."

நம்பவில்லை. அவருக்கும் கலங்கிவிட்டது. "உங்க வீட்ல ஒருத்தர்கூட இன்னும் மனசு விட்டுப் பேசல. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்." அப்புறம் வலது கண்ணும் ஆரம்பித்தது. அதற்கு நரம்பைக் குறை சொல்ல முடியாது.

தட்டைக் காலி செய்தேன். கேசரி உட்பட. அம்மா வந்து முந்தானையால் என் கன்னத்தை ஒரு இழு இழுத்தாள், வெள்ளி காதுவரை போனது. "போதும், போ. கூப்பிடறாங்க." அந்த முகத்தோடுதான் போய் நின்றேன். முடிச்சு இரண்டையும் இறுக்கிப் போட்டேன். யார் என்ன பேசினார்களோ, மேளத்தில் எதுவும் கேட்கவில்லை.

13, சனி

மழை, கடைசியில். போட்டோக்கள் வந்தன. முடிச்சுப் போடுகிற படத்தை மட்டும் தேடினேன். மூன்று கோணம். ஹோமப் புகை, தம்பியின் இளிப்பு, நிவேதாவின் மாலை. என் முகம் மாலைக்குப் பின்னால் மறைந்து, எதிலும் இல்லை. கை மட்டும் இருக்கிறது, பளிச்சென்று, படத்தின் நடுவில். நகத்துக்கு ஒன்றுமே போட்டுக்கொள்ளவில்லை.